டிசம்பரில் க்வில்ட் தையலும் வேத வாசிப்பும் ஒன்றையொன்று விழுங்காமல் இருக்க வழி உண்டா?

பாளை ஆசிரியை
16 நவம்பர் 2025

அனைவருக்கும் வணக்கம். நான் பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். ஆறு ஆண்டுகளாகத் துண்டுத்துணிகளை இணைத்துக் க்வில்ட் தைத்து வருகிறேன். தையற்கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துணியும் வீட்டில் நைந்துபோன பருத்திச் சேலைகளுமே பெரும்பாலும் எனக்குத் துணி. ஆண்டு முழுவதும் நிதானமாக நடக்கும் இந்த வேலை, டிசம்பர் பிறந்ததும் என்னை விரட்டத் தொடங்கிவிடுகிறது. கிறிஸ்துமஸுக்குத் தருகிறேன் என்று மற்ற பதினோரு மாதங்களில் வாய் தவறிச் சொன்னதெல்லாம் அந்த ஒரே மாதத்தில் வாசலில் வந்து நிற்கிறது.

சென்ற ஆண்டு நடந்ததைச் சொன்னால் என் சிக்கல் விளங்கும். லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரங்கள் இருப்பதால், டிசம்பர் 1 முதல் நாளுக்கு ஓர் அதிகாரமாக வாசித்தால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டுத் தொடங்கினேன். முதல் வாரம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு அரையாண்டுத் தேர்வு வந்தது, விடைத்தாள் கட்டுகள் வந்தன, பாடகர் குழுப் பயிற்சி வந்தது, முடியாத இரண்டு போர்வைகள் தையல் இயந்திரத்தின் மேலேயே கிடந்தன. அடையாளத்துக்காக வேதாகமத்தில் வைத்த பச்சை நூல் ஒன்பதாம் அதிகாரத்தைத் தாண்டவே இல்லை. கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்குப் பட்டுச்சேலையில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளைத் தட்டிக்கொண்டே போய் உட்கார்ந்தேன். பிள்ளையைத் துணிகளில் சுற்றி முன்னணையில் கிடத்திய பகுதி வாசிக்கப்பட்டபோது, போர்வையின் விளிம்புப் பட்டையில் இன்னும் எத்தனை அங்குலம் மடித்துத் தைக்க வேண்டும் என்று என் மனம் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது. துணி என்ற சொல் காதில் விழுந்ததால்தான் அந்தக் கணக்கே தொடங்கியது என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

இவ்வாண்டு, கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் காலமான அட்வெந்தின் முதல் ஞாயிறு நவம்பர் 30 அன்று வருகிறது. என் கையில் மூன்று வேலைகள் இருக்கின்றன. கோயம்புத்தூரில் இருக்கும் தங்கைக்குச் சென்ற மாதம் குழந்தை பிறந்திருக்கிறது. அதற்கு 36 அங்குலச் சதுரத்தில் ஒரு சிறு போர்வை. மாமியாருக்கு மடியில் போர்த்திக்கொள்ள 45க்கு 54 அங்குலத்தில் ஒன்று. சபையின் பெண்கள் ஐக்கிய சங்க விற்பனைக்கு எட்டுத் தலையணை உறைகள். இவற்றில் மாமியாருடையது பாதி முடிந்திருக்கிறது, குழந்தையுடையதற்குத் துணி மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன், உறைகளைத் தொடவே இல்லை.

எனக்கு இரண்டு ஐயங்கள் உண்டு. முதலாவது, தைத்துக்கொண்டே கைபேசியில் வேதாகமத்தின் ஒலிப்பதிவைக் கேட்டால் அது வாசிப்பு ஆகுமா? என் கணவர் தாராளமாக ஆகும் என்கிறார். மாமியாரோ, வேதம் வாசிப்பதென்றால் முக்காடிட்டு அமர்ந்து வாசிக்க வேண்டும் என்கிறார். இயந்திரத்தின் முன் குனிந்தால் முக்காடு நிற்காது என்பது அவருடைய வாதம், அதில் தவறும் இல்லை. இரண்டாவது, பிறருக்காகத் தைப்பதே ஒருவகை ஜெபம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது உண்மைதானா, அல்லது வாசிக்காமல் விட்டதற்கு நான் தேடிக்கொண்ட சாக்கா? அனுபவம் உள்ளவர்கள் மனம்விட்டுச் சொல்ல வேண்டுகிறேன்.


குமரி லேஸ்
17 நவம்பர் 2025

மகளே, நான் நாகர்கோவிலைச் சேர்ந்தவள். செவிலியர் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. க்வில்ட் தையலைப் பிற்காலத்தில்தான் கற்றேன் என்றாலும், ஊசி நூல் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக உண்டு. என் பாட்டி லேஸ் பின்னியவர்.

முதலில் ஒலிப்பதிவைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு போர்வையை ஒரே வேலையாக எண்ணுவதால்தான் குழப்பம் வருகிறது. அதற்குள் நான்கு வேறு வேறு வேலைகள் இருக்கின்றன. அளந்து வெட்டுவது ஒன்று, அதற்கு முழுக் கவனமும் வேண்டும். அப்போது வேதம் ஓடினால் துணியும் கெடும், வசனமும் கெடும். இயந்திரத்தில் துண்டுகளை இணைப்பது இன்னொன்று, அதில் இயந்திரத்தின் சத்தமே பாதி வார்த்தைகளைத் தின்றுவிடும். அந்த நேரத்துக்கு மனப்பாடமாகத் தெரிந்த கீர்த்தனைகள் போதும். மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி ஆகிய மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து நீளத் தையலால் தற்காலிகமாகப் பிடிப்பது மூன்றாவது; தரையில் முழங்காலிட்டுச் செய்யும் வேலை என்பதால் எனக்கு அப்போது மூட்டுவலியைத் தவிர வேறு எதுவும் நினைவுக்கு வருவதில்லை. நான்காவதாக, கையால் ஓட்டுத்தையல் போடுவதும் விளிம்புப் பட்டையை மடித்துத் தைப்பதும். இங்கேதான் கை தன் வழியில் போகும், காது முற்றிலும் ஓய்வாக இருக்கும். கேட்பதை இந்த நான்காவது கட்டத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

கேட்பது வாசிப்பாகுமா என்றால், ஆகாது. ஆனால் அது வாசிப்பைவிடக் குறைந்ததும் அன்று. விசுவாசம் கேள்வியினாலே வரும் என்று ரோமர் பத்தாம் அதிகாரத்தில் படிக்கிறோம். அந்தக் கேள்வி, வினாவைக் குறிக்கும் கேள்வி அன்று, செவியால் கேட்பது. திருக்குறளிலும் கல்விக்கு ஓர் அதிகாரம், கேள்விக்கு வேறோர் அதிகாரம் என்று தனித்தனியே வைத்திருக்கிறார்கள். இரண்டும் தேவை, ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று மாற்ற முடியாது என்பதுதான் நான் புரிந்துகொண்டது. ஆகவே மாலையில் கேட்கும் அதிகாரத்திலிருந்து பத்து வசனங்களை மட்டும் காலையில், தையல் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, வெறுங்கையோடு, உங்கள் மாமியார் சொல்வது போல முக்காடிட்டு வாசித்துவிடுங்கள். காலையில் கண்ட வரி மாலையில் காதில் விழும்போது பழகிய முகத்தைத் தெருவில் சந்தித்தது போல் இருக்கும்.

லேஸைப் பற்றிச் சொல்லத் தொடங்கி விட்டுவிட்டேன். 1820-களில் நாகர்கோவில் மிஷனில் இருந்த மார்த்தா மால்ட் அம்மையார் இங்குள்ள பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மகள் எலைசாவைத்தான் கால்டுவெல் ஐயர் மணந்தார்; அந்த அம்மாள் வழியாகவே உங்கள் திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடிக்கு லேஸ் போயிற்று. திண்டு போன்ற தலையணையில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் அந்த வேலையில் கண்ணை அப்படி இப்படி எடுக்க முடியாது. அதனால் தன் காலத்தில் நாலைந்து பெண்கள் ஒரு திண்ணையில் கூடினால் ஒருத்தி மட்டும் கட்டையைத் தொடாமல் வேதத்தை உரக்க வாசிப்பாள் என்றும், அன்று அவளுக்குக் குறைந்த கூலியை மற்றவர்கள் தங்கள் கணக்கில் ஈடுகட்டிவிடுவார்கள் என்றும் பாட்டி சொல்லியிருக்கிறார். தைப்பவளே வாசிக்கவும் வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இருக்கவில்லை.

உங்கள் இரண்டாவது ஐயத்துக்கு என்னிடம் நேரான பதில் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தொற்காளைப் பாருங்கள். அவள் தைக்கும்போது ஜெபித்தாளா என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. அவள் இறந்தபின் விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் எடுத்துக் காட்டியவை அவள் செய்து கொடுத்த உடைகள். அவை போய்ச் சேரவேண்டியவர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தன. எனக்கு அது போதும்.


திண்டுக்கல் தையற்காரர்
18 நவம்பர் 2025

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் கத்தோலிக்கன், முப்பது ஆண்டுகளாகத் தையற்கடை வைத்திருப்பவன். ஆன்மிகம் பற்றிப் பேசப் பெரியம்மா போன்றவர்கள் இருக்கிறார்கள். நான் என் தொழில் கணக்கைச் சொல்கிறேன். உங்கள் வாசிப்பு நின்றுபோனதற்குப் பக்தி குறைந்தது காரணம் அன்று, ஆர்டர் அதிகமானதுதான் காரணம் என்பது என் கருத்து.

குழந்தையின் போர்வைக்கு எந்த அளவில் சதுரங்கள் வெட்டப்போகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வழக்கமான ஒன்பது கட்ட வடிவமாக இருந்தால், மூன்றரை அங்குலத்தில் வெட்டிக் கால் அங்குலத் தையல் விட்டால் ஒவ்வொரு சதுரமும் மூன்று அங்குலமாக நிற்கும்; ஒன்பது சதுரங்கள் சேர்ந்த கட்டம், அதாவது ஒரு பிளாக், ஒன்பது அங்குலம், 36 அங்குலத்துக்கு 16 பிளாக்குகள், ஆக 144 துண்டுகள். அதையே ஆறரை அங்குலத்தில் வெட்டினால் 36 துண்டுகளோடு வேலை முடிந்துவிடும். கணித ஆசிரியைக்கு நான் கணக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். ஆனாலும் டிசம்பர் மாதத்தில் 144க்கும் 36க்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்றிரண்டு மணி நேரம் அன்று, நான்கைந்து மாலைப் பொழுதுகள். ஒரு மாதக் குழந்தை துண்டுகளை எண்ணிப் பார்க்கப் போவதில்லை.

துணியை வெட்டுவதற்கு முன் நனைத்துக் காயவையுங்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுவே. வெட்டுத்துணி பெரும்பாலும் கோடித்துணி, தண்ணீர் படாதது. நீங்கள் கலந்து தைப்பது பலமுறை துவைத்த பழஞ்சேலை. முதல் சலவையில் புதியது சுருங்கும், பழையது அப்படியே நிற்கும், இடையில் தையல் இழுத்துக்கொண்டு சேலைப்பக்கம் கிழியும். மத்தேயு ஒன்பதாம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமையே இதுதான். உங்கள் மொழிபெயர்ப்பில் கோடித்துண்டு என்றே இருக்கிறது, எத்தனை பொருத்தமான சொல்! லூக்கா ஐந்தாம் அதிகாரத்திலும் அந்த உவமை வருகிறது, ஆகவே உங்கள் கணக்குப்படி டிசம்பர் 5 அன்று அதைப் படிப்பீர்கள். அதற்கு முன்பே நனைத்துவிடுவது நல்லது. வடகிழக்குப் பருவமழையில் துணி காய்வது பெரும்பாடு என்பதால் வெயில் எட்டிப்பார்க்கும் நாளில் எல்லாவற்றையும் ஒரேயடியாக நனைத்து, அரை ஈரத்தில் இஸ்திரி போட்டுவிடுங்கள். சிவப்பு, கருநீலம், சுங்குடி ஆகியவை சாயம் விடுகின்றனவா என்று ஈர வெள்ளைத்துணியை மேலே வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நடு அடுக்குக்குக் கடையில் விற்கும் செயற்கைப் பஞ்சுத் தகட்டை வாங்க வேண்டாம். துவைத்துத் துவைத்து மெலிந்த சென்னிமலைப் போர்வை ஒன்று வீட்டில் இருக்கும், கோயம்புத்தூர் குளிருக்கு அது தாராளம்.

கடைசியாக ஒன்று. எங்கள் கடையில் டிசம்பர் 8க்குப் பிறகு கிறிஸ்துமஸ் ஆர்டர் எடுப்பதில்லை என்று பலகை வைத்துவிடுவோம். 16ஆம் தேதி தொடங்கும் ஒன்பது நாள் ஜெபமான நவநாளுக்குப் போகவேண்டும் என்பதால் என் தந்தையார் ஏற்படுத்திய வழக்கம் அது. முதல் ஆண்டில் வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டார்களாம். அடுத்த ஆண்டு அவர்களே நவம்பரில் துணி கொண்டுவந்தார்களாம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பலகை வேண்டும். கிறிஸ்துமஸ் டிசம்பர் 25 அன்றே முடிந்துவிடுவதும் இல்லை. மூன்று ராஜாக்கள் காணிக்கை கொண்டுவந்ததை நாம் ஜனவரி 6 அன்றுதானே நினைவுகூர்கிறோம்? அவர்கள் தாமதமாக வந்தார்கள் என்று யாரும் குறைசொன்னதில்லை. மாமியாரின் போர்வைக்கு அந்த நாளை வைத்துக்கொள்ளலாம்.


அரங்கத்து ஆண்டாள் பித்து
20 நவம்பர் 2025

நான் வைணவப் பெண், ஸ்ரீரங்கத்தில் வசிக்கிறேன். உங்கள் அட்வெந்து எனக்குப் புதியது என்றாலும், சிக்கல் அப்படியே என்னுடையதுதான். டிசம்பர் நடுவில் மார்கழி பிறக்கிறது. விடியுமுன் எழுந்து கோலம், திருப்பாவைப் பாசுரம், கோயில், பிறகு வீட்டு வேலை. அதே மாதத்தில்தான் வெளிநாட்டிலிருந்து வரும் நாத்தனார் குடும்பத்துக்குப் பாட்டியின் பழஞ்சேலைகளில் போர்வை தைத்துக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது.

நான் செய்த ஒரு தவற்றை மட்டும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன், ஏனென்றால் கணக்கில் தேர்ந்த உங்களுக்கும் அது தோன்றக்கூடும். திருப்பாவையில் முப்பது பாசுரங்கள். ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு பிளாக் என்று வைத்தால் போர்வையிலும் முப்பது. நாளுக்கு ஒரு பாசுரம், நாளுக்கு ஒரு பிளாக் என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் தொடங்கினேன். கேட்டவர்கள் எல்லோரும் அழகான எண்ணம் என்று பாராட்டினார்கள். பத்தாம் நாளுக்குள் என்ன ஆயிற்று என்றால், பாசுரம் பிளாக்குக்கு வரிசை எண்ணாக மாறிவிட்டது. "இன்று என்ன பாசுரம்?" என்று அம்மா கேட்டால், "நீலப் பூப்போட்டது" என்று எனக்குப் பதில் வந்தது. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தேன், இரண்டு பிளாக் பின்தங்கியது. அதை ஈடுகட்டும் வரை பாசுரத்தைச் சேவிக்கவே மனம் வரவில்லை, ஏதோ கடன் பாக்கி வைத்துவிட்டுக் கடைக்காரர் முன் போய் நிற்பது போல. மார்கழிக்குப் பெரும்பாலும் 29 நாட்களே என்பதால் கடைசி நாளில் இரண்டு பாசுரங்களைச் சேர்த்துச் சேவிக்கும் வழக்கம் உண்டு. நாட்களும் பாசுரங்களும் பொருந்தாததைப் பெரியவர்கள் அத்தனை இயல்பாக எடுத்துக்கொண்டிருக்க, நான்தான் பொருத்தியே தீருவேன் என்று நின்றிருக்கிறேன்.

இப்போது இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. பாசுரம் விடியலில், தையல் பகலில். தையல் நின்றால் நிற்கட்டும். நாத்தனார் போன ஆண்டு முடியாத போர்வையை ஊசி குத்தியபடியே வாங்கிக்கொண்டு போய், அங்கே தானே முடித்துவிட்டதாகப் படம் அனுப்பினாள். அவள் தையல் என்னுடையதைவிடக் கோணல்.


மதுரை ஆயர் மகள்
20 நவம்பர் 2025

சகோதரி, சற்றுக் கடுமையாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நூல் ஒன்பதாம் அதிகாரத்தில் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பத்தாம் அதிகாரத்தின் கடைசி ஐந்து வசனங்கள், சகோதரி மரியாள் இயேசுவின் பாதத்தருகே அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேலைகளில் தனியாக அலைந்த மார்த்தாளின் வீட்டைப் பற்றியவை என்பதைக் கவனித்தீர்களா? உங்களுக்காகவே எழுதப்பட்டது போன்ற பகுதிக்கு முந்தின நாள் நிறுத்தியிருக்கிறீர்கள்.

ஒவ்வொரு டிசம்பரிலும் ஏதாவது ஒரு பெண்கள் கூட்டத்தில் அந்தப் பகுதியை எடுத்துப் பேசி, மரியாளைப் போல் இருங்கள், மார்த்தாளைப் போல் இராதீர்கள் என்று சொல்லிவிட்டு, அதே வாயால் தேநீர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்பவர்களை நான் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். ஆகவே அந்தப் பிரசங்கத்தை நானும் செய்யப்போவதில்லை. மார்த்தாளிடம் சமைக்காதே என்று சொல்லப்படவில்லை. அநேக காரியங்களைக் குறித்துக் கலங்குகிறாய் என்பதே சொல்லப்பட்டது. உங்கள் பட்டியலில் அந்த அநேகம் எது என்று பார்த்தால், எனக்குத் தெரிந்தவரை எட்டுத் தலையணை உறைகள். குழந்தைக்கும் மாமியாருக்கும் தைப்பதைப் பற்றி எழுதும்போது உங்கள் எழுத்தில் ஓர் அன்பு தெரிகிறது. உறைகளைப் பற்றி எழுதும்போது வெறும் எண்ணிக்கைதான் இருக்கிறது. சங்கத்துச் செயலாளரிடம் இந்த ஞாயிறே முடியாது என்று சொல்லிவிடுங்கள். டிசம்பர் 20 அன்று சொல்வதைவிட இப்போது சொல்வது அவருக்கும் நல்லது.

தையலே ஜெபமா என்ற கேள்விக்கு: கையில் எடுக்கும்போது யாருக்காகத் தைக்கிறீர்களோ அவருடைய முகம் நினைவுக்கு வந்தால் ஜெபம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேதி நினைவுக்கு வந்தால் அது தையல். இரண்டும் பாவம் அன்று.


பாளை ஆசிரியை
21 நவம்பர் 2025

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஆயர் மகள் எழுதியது கொஞ்சம் சுட்டது. ஆனால் உறைகளைப் பற்றி அவர் சொன்னது சரி. அந்தப் பொறுப்பை நான் விரும்பி ஏற்கவில்லை, கூட்டத்தில் எல்லோரும் என் பக்கம் திரும்பியபோது மறுக்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டினேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் செயலாளர் அக்காவிடம் பேசுகிறேன்.

அண்ணாச்சி, நான் 144 துண்டுகள் என்றுதான் திட்டமிட்டிருந்தேன், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை! ஸ்ரீரங்கத்துச் சகோதரிக்கு ஒரு வாக்குமூலம்: 24 அதிகாரங்களுக்கு 24 பிளாக்குகள் என்று ஒரு தாளில் கட்டம் போட்டே வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன். பெரியம்மா, திண்ணையில் ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் பின்னிய செய்தியை என் மாமியாரிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.


பாளை ஆசிரியை
11 டிசம்பர் 2025

எப்படிப் போகிறது என்று குமரிப் பெரியம்மா தனியே விசாரித்திருந்தார். எல்லோருக்கும் பொதுவாகவே எழுதிவிடுகிறேன்.

செயலாளர் அக்கா முதலில் முகம் சுருங்கினார், பிறகு எட்டுக்கு இரண்டு தந்தால் போதும் என்றார். இரண்டும் தரவில்லை, பெட்டியில் ஏற்கெனவே தைத்து வைத்திருந்த ஒரு சிறு மேசை விரிப்பைக் கொடுத்தேன். குழந்தையின் போர்வை 36 துண்டுகளாகச் சுருங்கி, இணைப்பு வேலை முழுவதும் இரண்டு மாலைகளில் முடிந்துவிட்டது. துணிகளை முன்னதாகவே நனைத்தேன். அதுவரை நல்ல பிள்ளையாக அலமாரியில் இருந்த ஒரு சிவப்புச் சுங்குடி, வாளித் தண்ணீரை நொடியில் குங்குமக் கரைசல் ஆக்கியது. அதை அப்படியே ஒதுக்கிவிட்டு மஞ்சள் பருத்தியை எடுத்துக்கொண்டேன். டிசம்பர் 5 அன்று காலை லூக்கா ஐந்தாம் அதிகாரத்தில் புதிய துண்டும் பழைய வஸ்திரமும் வந்தபோது, கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆயுளில் எத்தனையோ முறை படித்த உவமை அது. நனைத்துச் சுருங்கும் துணியைப் பற்றியது என்று ஒருமுறைகூட நான் நினைத்ததில்லை.

காலை வாசிப்புப் பத்து வசனமாகத் தொடர்கிறது. 7, 8 தேதிகளில் தேர்வுத்தாள் வேலையால் தவறிவிட்டது. ஈடுகட்டாமல் நேரே அடுத்த நாளின் அதிகாரத்துக்குப் போய்விட்டேன். ஸ்ரீரங்கத்துச் சகோதரியின் கடைக்காரர் நினைவுக்கு வந்ததே காரணம்.

மாலையில் நடப்பதுதான் நான் எதிர்பாராதது. சென்ற வாரம் விளிம்புப் பட்டையை மடித்துத் தைக்க அமர்ந்து, கைபேசியில் ஒலிப்பதிவைப் போடப் போனேன். மாமியார் அதை நிறுத்தச் சொன்னார். அறைக்குள் போய்த் தம் பெரிய எழுத்து வேதாகமத்தை எடுத்து வந்து, நாற்காலியை விளக்குக்குக் கீழே இழுத்துப் போட்டு, முக்காடிட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். மெதுவாகத்தான் வாசிப்பார், ஒவ்வொரு சொல்லையும் கூட்டி. அந்த வேகம் கைத்தையலுக்கு மிகப் பொருத்தமாக இருக்கிறது. முதலில் சில வரிகளுக்கு எனக்குப் பொறுமை இல்லை, பிறகு ஊசியும் அவர் குரலும் ஒரே நடைக்கு வந்துவிடுகின்றன. நேற்று பத்தாம் அதிகாரம். மார்த்தாள் வீட்டுப் பகுதியை முடித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பிள்ளை மட்டும் சமையற்கட்டில் தனியாக நின்றால் கோபம் வராதா?" என்று கேட்டார். அவர் மார்த்தாளைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று தெரியவில்லை. தமது போர்வை ஜனவரி 6 அன்று கிடைத்தால் போதும் என்றும், அதுவும் வேண்டாமென்றால் பொங்கலுக்குத் தந்தாலும் குளிர் இருக்கும் என்றும் சொல்லிவிட்டார்.

தையற்கார அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. விளிம்புப் பட்டையை மூன்று பக்கம் முடித்துவிட்டேன். முனைகளில் மடிக்கும்போது ஒரு சிறு புடைப்பு நிற்கிறது, எத்தனை அழுத்தினாலும் அடங்கவில்லை. நான்காவது முனையிலாவது அது வராமல் இருக்க என்ன செய்வது?


திண்டுக்கல் தையற்காரர்
11 டிசம்பர் 2025

முனைக்குக் கால் அங்குலத்துக்கு முன்பே தையலை நிறுத்தி, நூலைக் கட்டிவிடுங்கள். பட்டையை 45 பாகையில் மேல்நோக்கி மடித்து, விரலால் நன்றாக வழித்து, பிறகு அடுத்த பக்கத்தின் ஓரத்தோடு நேராகக் கீழே இறக்குங்கள். பின்பக்கம் திருப்பி மடிப்பதற்கு முன், மூலையில் உள்ள நடு அடுக்கைச் சின்னக் கத்தரியால் நுனி மட்டும் கிள்ளி எடுத்துவிடுங்கள். மேல்துணியையும் பட்டையையும் தொட வேண்டாம். உங்கள் பழைய போர்வை தடிமனாக இருக்கிறது போலும், புடைப்புக்கு அதுதான் காரணம். முடிந்த மூன்று முனைகளைப் பிரிக்க வேண்டாம், ஈரத்துணி போட்டு இஸ்திரியால் அழுத்தினால் பாதி அடங்கிவிடும்.